பகலில் சாலை, இரவில் சந்தை

எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதியில், செவ்வாய்க்கிழமை என்றால், மதியம் மூன்று மணிக்குள் சாலையோரத்தில் நிற்கும் காரை எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் இரவு பதினோரு மணி வரை கார் வெளியே வராது. மூன்றரைக்கு முதல் லாரி வரும். இரும்புக் கால்களைத் தார்ச்சாலையில் இறக்கிப் போடும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். சாலையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறது. மற்ற ஆறு நாளும் அந்த எண்களை யாரும் பார்ப்பதில்லை, கார்கள் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒவ்வொரு எண்ணும் ஒரு கடை. ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைப்பார்கள். ஆறரைக்கு, வேலை முடிந்து வந்தவர்கள் சீருடையோடே வந்து நிற்பார்கள். நடக்க இடம் இருக்காது.

மலேசியாவில் இதற்குப் பசார் மாலாம் என்று பெயர். மலாய் மொழியில் பசார் என்றால் சந்தை, மாலாம் என்றால் இரவு. பசார் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல், நாம் பஜார் என்கிறோமே, அதேதான். ஆசியாவில் பல ஊர்களில் பல பெயர்களில் இது நடக்கிறது. தைவானில் ஊருக்கு ஊர் உண்டு. ஹாங்காங், தாய்லாந்து, லாவோஸ், சிங்கப்பூர், இந்தியாவில் இந்தூர் என்று போய்க்கொண்டே இருக்கலாம். இதை முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தின்பண்டப் பட்டியல் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். இந்தச் சந்தை ஏன் இரவில் கூடுகிறது, எப்படி வந்தது என்பதைத்தான் நான் சொல்ல நினைக்கிறேன்.

முதலில், எது இரவுச் சந்தை? பொழுது சாயும்போது கூடி, நள்ளிரவை ஒட்டிக் கலைந்துவிடும் சந்தை. இருபத்து நான்கு மணி நேரக் கடையும் மாலும் இரவில் திறந்துதான் இருக்கின்றன, ஆனால் அவை இரவுச் சந்தை ஆகா. அங்கே இடம் கடைக்காரருக்குச் சொந்தம், அல்லது மாத வாடகை. இரவுச் சந்தையில் இடம் இரவல். பகலில் அது சாலை, கோயில் முற்றம், கார் நிறுத்துமிடம், வேறு யாருடைய கடைவாசலோ. அந்த ஆள் தன் வேலையை முடித்துக் கிளம்பியபின், சில மணி நேரத்துக்கு மட்டும் அந்த இடம் இவர்கள் கைக்கு வருகிறது.

இதற்கு இந்தூரின் சராஃபா பஜாரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பகல் முழுக்க அது நகைக்கடை வீதி. தங்கமும் வெள்ளியும் நிறுத்துக்கொண்டிருப்பார்கள். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு நகைக்கடைகள் கதவை இழுத்துப் பூட்டுகின்றன. அந்த மூடிய கதவுகளுக்கு முன்னாலேயே அடுப்புகள் வந்து இறங்குகின்றன. சோளத்தைத் துருவிப் பாலில் வதக்கிய புட்டே கா கீஸ், எண்ணெயில் பொரித்து மசாலா தூவிய கராடு கிழங்கு, ஜிலேபி, தயிர் வடை. இரவு ஒன்று, இரண்டு மணி வரை கூட்டம் நிற்கிறது. வீதியில் ஆள் நடமாட்டம் இருந்தால் நகைக்கடைக்குக் காவல், அதனால்தான் நகைக்கடைக்காரர்கள் இதை விரும்பினார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஒரே வீதிக்கு இரண்டு வாழ்க்கை. கடைக்காரருக்குக் கட்டடம் கட்டும் செலவு இல்லை.

சரி, ஏன் இரவு? வெயில் ஒரு காரணம். கோலாலம்பூரிலோ பாங்காக்கிலோ மதியம் இரண்டு மணிக்குத் தார்ச்சாலையில் அடுப்பு வைத்து நிற்க முடியாது. ஆனால் வெயிலைவிடப் பெரிய காரணம் வேலை. கூலிக்கு வேலை செய்கிறவருடைய பகல் அவருடையது இல்லை. தொழிற்சாலையிலும் கடையிலும் அலுவலகத்திலும் அவர் விற்றுவிட்ட நேரம் அது. அவர் கையில் மிஞ்சுவது மாலை ஆறிலிருந்து தூங்கும் வரை. வாங்குவதற்கு அவருக்கு அந்த நேரம்தான் இருக்கிறது. விற்பவரில் பலருக்கும் அதே கதைதான். பகலில் ஒரு வேலை பார்த்துவிட்டு, மாலையில் மேசை விரித்து இரண்டாவது வருமானம் பார்க்கிறவர்கள் எங்கள் தாமானிலேயே நிறைய பேர். ஒரு மடக்கு மேசை, ஒரு குடை, ஒரு அடுப்பு, நகராண்மைக் கழக உரிமம், இவ்வளவு இருந்தால் கடை போட்டுவிடலாம். கடையை வாடகைக்கு எடுக்க முடியாதவர்களுக்குத் தொழிலில் நுழைய இருக்கும் வாசல் இதுதான். இரவுச் சந்தைகளை நான் இவ்வளவு மதிப்பதற்கும் அதுதான் காரணம்.

இதன் வரலாற்றைப் பேச வந்தால், தமிழர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சங்க காலத்து மதுரையில் பகல் சந்தைக்கு நாளங்காடி என்றும் இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்றும் தனித்தனிப் பெயரே இருந்தது. அல் என்றால் இரவு. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, ஒரு நாள் முழுக்க அந்த ஊர் எப்படி இயங்கியது என்பதைச் சாமம் சாமமாகக் காட்டுகிறது. அல்லங்காடியின் இரைச்சல், பல வகைப் பறவைகள் ஒன்றாகக் கூடிக் கத்துவது போல எழுந்தது என்கிறார். மாலையில் ஆலமரத்தடியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஒலி புரியும். தனித்தனியாக எதுவும் காதில் விழாது, ஆனால் எல்லாமே கேட்கும்.

என்னை அதைவிட அதிகம் இழுத்தது அதற்குப் பின்னால் வரும் இடம். முதல் சாமம் போன பிறகு சந்தை கலைகிறது. "காழ் சாய்த்து, நொடை நவில் நெடுங்கடை அடைத்து" என்று பாட்டு சொல்கிறது. நட்டிருந்த கால்களைச் சாய்த்து, விலை சொல்லிக் கூவிக்கொண்டிருந்த நீண்ட கடைகளை அடைக்கிறார்கள். தின்பண்டம் விற்கிறவர்கள் மட்டும் அங்கேயே இருக்கிறார்கள். தேனடை போல வரிவரியாக இருக்கும் மெல்லிய அடை, உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகம், பாகு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் தூங்கி விழுகிறார்கள். பாண்டியனின் புகழைப் பாட வந்த பாட்டில் அடை விற்பவரின் தூக்கத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. இன்றும் மதுரையைத் தூங்கா நகரம் என்றுதான் சொல்கிறார்கள்.

சீனாவின் கதை நேர் எதிர்த் திசையில் தொடங்குகிறது. தாங் வம்சத்தின் தலைநகரான சாங்ஆனில், அதாவது இன்றைய சியான் நகரத்தில், இரவு மக்களுக்குச் சொந்தமாக இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டைகளாக ஊரைப் பிரித்து ஒவ்வொன்றையும் சுற்றி மதில் கட்டியிருந்தார்கள். வணிகத்துக்குக் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என இரண்டே சந்தைகள். நடுப்பகலில் 300 முறை முரசு அடித்தால் சந்தை திறக்கும். சூரியன் மறைவதற்கு முன்பே 300 முறை சேகண்டி அடித்து மூடிவிடுவார்கள். அதன்பின் பேட்டைக் கதவுகள் சாத்தப்படும். ஊரடங்கு நேரத்தில் காரணமில்லாமல் தெருவில் பிடிபட்டால் 20 பிரம்படி. ஆண்டின் முதல் முழுநிலவை ஒட்டிய விளக்குத் திருவிழாவுக்கு மட்டும் சில இரவுகள் விலக்கு.

ஆனாலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. 840-ஆம் ஆண்டில் தலைநகரின் இரவுச் சந்தையைத் தடை செய்யச் சொல்லி ஓர் அரசாணை வந்திருக்கிறது. இல்லாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. அப்படியென்றால், அந்த மதில்களுக்குள்ளேயே இரவில் யாரோ விளக்கு ஏற்றி எதையோ விற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கம்பீரமான கட்டடங்களைவிட இந்த ஒற்றை வரித் தடையாணை அந்த ஊரின் உயிரை எனக்கு அதிகமாகக் காட்டுகிறது.

சோங் வம்சத்தின் முதல் பேரரசர் தாய்சு 965-இல் பிறப்பித்த ஆணை இதற்கு நேர்மாறானது. தலைநகர் கைஃபெங்கில் மூன்றாம் சாமம் வரை இரவுச் சந்தையை யாரும் தடுக்கக் கூடாது என்றது அது. சீனக் கணக்கில் இரவுக்கு ஐந்து சாமம், மூன்றாவது என்றால் ஏறக்குறைய நள்ளிரவு. அப்புறம் மெல்ல மெல்லப் பேட்டை மதில்களுக்கும் வேலை இல்லாமல் போனது. கடைகள் தெருவைப் பார்த்துத் திறந்தன. 1127-இல் கைஃபெங் பகைவர் கையில் விழுந்தது. தெற்கே ஓடிப்போய் வாழ்ந்த மெங் யுவான்லாவ் என்பவர், இழந்த ஊரை நினைத்து நினைத்து ஒரு நூல் எழுதினார். அதில் பாலத்துக்குப் பக்கத்து இரவுச் சந்தை வருகிறது. என்னென்ன தின்பண்டம், கோடையில் எது, குளிரில் எது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். குளிர்காலத்தில் காற்றும் பனியும் எவ்வளவு அடித்தாலும் சந்தை நிற்காது என்கிறார். கடைவீதிக் குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டில் சமைப்பதே இல்லை, கடையில் வாங்கியே சாப்பிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை எங்கள் தாமானிலும் பல வீட்டில் அடுப்பு எரியாது!

ஊரடங்குக்கும் இரவுச் சந்தைக்கும் உள்ள இந்த இழுபறி பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. தென்கொரியாவில் 1945-இலிருந்து இரவு ஊரடங்கு இருந்தது. 1982 ஜனவரியில்தான் அதை எடுத்தார்கள். இன்று சியோலின் தோங்தேமுன் துணிச் சந்தையில் மொத்த வியாபாரமே இரவில்தான். நாங்களும் இதைப் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் பசார் மாலாம்கள் நின்றன. சாலையில் எண்கள் மட்டும் இருந்தன. வழக்கமாக எங்களுக்குக் குய்த்தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸைப் பொரித்துத் தருபவர் வீட்டிலிருந்தே சமைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். சுவை அதேதான். ஆனால் அந்தப் பொட்டலத்தை வீட்டு மேசையில் பிரித்தபோது எதுவோ குறைந்தது.

குறைந்தது என்ன என்பதற்குத் தைவான்காரர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. ரெனாவ். எழுத்துப்படிப் பார்த்தால் சூடும் இரைச்சலும். கூட்டம், வெளிச்சம், வாசனை, சத்தம் எல்லாம் சேர்ந்து ஓர் இடம் நிறைந்து கிடப்பதைச் சொல்வது. நாம் திருவிழா களைகட்டியது என்கிறோம் இல்லையா, அதுதான். அவர்களுக்கு இரைச்சல் ஒரு குறை இல்லை. அமைதியான இரவுச் சந்தை என்றால் ஏதோ கோளாறு என்று பொருள். எதையும் வாங்க வேண்டும் என்றுகூட இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சும்மா நடந்து வருவதே ஒரு பொழுதுபோக்கு.

தைவான் சந்தைகளில் பல, கோயிலிலிருந்து பிறந்தவை. சாமி கும்பிட வருகிறவர்களுக்காகவும் கோயில் முற்றத்தில் கூத்துப் பார்க்க வருகிறவர்களுக்காகவும் தின்பண்டக் கடைகள் வந்தன, பிறகு அவை தெருவுக்கு நீண்டன. கீலுங் துறைமுகத்துச் சந்தைக்குப் பெயரே கோயில் வாசல்தான். தைபேயின் ராவ்ஹெ தெருச் சந்தை 1987-இல் தொடங்கியது. சுமார் 600 மீட்டர் நீளம். ஒரு முனையில் கடல் தெய்வமான மாட்சுவின் கோயில். கோயிலுக்குப் பக்கத்திலேயே மிளகு பன்னுக்கு நீண்ட வரிசை நிற்கும். பன்றி இறைச்சியும் மிளகும் வெங்காயத்தாளும் வைத்துப் பிடித்த மாவு உருண்டையை, தந்தூரி அடுப்பு போன்ற மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டி எடுக்கிறார்கள். ஹாங்காங்கில் அதே கடல் தெய்வத்துக்குத் தின் ஹாவ் என்று பெயர். அங்கே அவளுடைய கோயில் இருப்பதால்தான் அந்தப் புகழ்பெற்ற இரவுச் சந்தைத் தெருவுக்குக் கோயில் தெரு என்ற பெயர் வந்தது.

கோயிலுக்கு அடுத்து தொழிற்சாலை. 1966-இல் தைவானின் காவ்சியுங்கில் ஏற்றுமதித் தொழில் வளாகம் திறந்தது. கிராமத்திலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் நகரத்துக்கு வந்து குவிந்தார்கள். தங்குவது சிறிய அறை, சமைக்க இடமில்லை, கையில் சம்பளம், வேலை முடிவது இரவில். இரவுச் சந்தை பெருகுவதற்கு வேறென்ன வேண்டும்? தைச்சுங்கில் ஃபெங்ஜியா பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த சந்தையின் பெயரே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அங்கே தொழிலாளி இடத்தில் மாணவர், மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

இனி, புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்பும் விஷயம்: கிழமை. நிறைய இரவுச் சந்தைகள் தினமும் நடப்பதில்லை. மலேசியாவில் இன்று இந்தத் தாமான், நாளை அடுத்த தாமான் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கோலாலம்பூர் செராஸில் இருக்கும் தாமான் கொனோட் சந்தை புதன்கிழமை. சுமார் 2 கிலோமீட்டர் நீளும், ஒரே நடையில் முழுவதையும் பார்த்து முடித்தவர்கள் குறைவு. பெட்டாலிங் ஜெயாவின் எஸ்எஸ்2 திங்கட்கிழமை. தைவானின் தைநான் நகரத்திலும் இதே முறைதான். அங்கே தாதோங், வூஷெங், ஹுவாயுவான் என்ற மூன்று சந்தைகள் கிழமையைப் பங்கு போட்டுக்கொண்டன. எந்த நாளில் எது என்று மறக்காமலிருக்க, முதல் எழுத்துகளை வைத்து ஊர்க்காரர்கள் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள்: தா தா வூ ஹுவா தா வூ ஹுவா. திங்களிலிருந்து ஞாயிறு வரை ஏழு எழுத்து.

நம் வாரச்சந்தையை அறிந்தவர்களுக்கு இதன் தர்க்கம் உடனே பிடிபடும். ஒரே தாமானில் தினமும் கடை போட்டால் மூன்றாம் நாள் வடை வாங்க ஆள் இருக்காது. வாரம் ஒருமுறை வந்தால் ஆறு நாள் ஆசை சேர்ந்திருக்கும். வியாபாரிக்கு ஏழு ஊர், ஏழு கூட்டம். சாலை மூடியிருப்பதையும் வாரம் ஒருநாள் என்பதால் அங்கே குடியிருப்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர்களுக்குள்ளும் ஒரு சொந்தம் வளர்ந்துவிடுகிறது. திங்கள் ஓர் ஊரில் பக்கத்துக் கடையாக இருப்பவர்தான் வியாழனும் இன்னோர் ஊரில் பக்கத்துக் கடை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1950, 60களில் அங்கேயும் பசார் மாலாம் தெருத் தெருவாகச் சுற்றியது. போக்குவரத்து நெரிசல், குப்பை, சுகாதாரம் என்று காரணம் சொல்லி, 1978-இல் அரசு அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தெருவோரம் சமைத்தவர்களைக் குழாய்த் தண்ணீரும் கூரையும் உள்ள உணவங்காடிகளுக்கு மாற்றினார்கள். அந்த உணவங்காடிப் பண்பாடு 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. சுத்தமும் நிரந்தரமும் கிடைத்தன, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் நோன்பு மாதத்தில் கேலாங் சிராயில் சந்தை போட்டால் தீவே அங்கே திரள்கிறது. திறந்த வானத்துக்குக் கீழே நெருக்கியடித்து நடப்பதற்கு மக்களுக்கு இன்னும் ஆசை இருக்கிறது.

எங்கள் பசார் மாலாமுக்கு வந்தால் காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். "மாரி, மாரி!" என்றால் வாங்க வாங்க. "மூரா, மூரா!" என்றால் மலிவு. துணிக் கடைக்காரர் மேசைமேல் ஏறி நின்று "லேலோங்! லேலோங்!" என்பார். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த லெய்லாவ் என்ற சொல் மலாயில் லேலோங் ஆனது, தமிழில் ஏலம் ஆனது. கடைக்கு மலாயில் கெடாய் என்பார்கள், அது நம் கடையேதான். வேர்க்கடலையும் சீனியும் உள்ளே வைத்து மடித்த அப்பம் பாலிக்கில் இருக்கும் அப்பமும் நம்முடையதுதான். இடியாப்பத்துக்கு இங்கே புத்து மாயம் என்று பெயர், தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துக் கொடுப்பார்கள், மலாய்க்காரர்களும் சீனர்களும் வரிசையில் நிற்பார்கள். முறுக்கு, ஓமப்பொடி, கடலை விற்பது காச்சாங் பூத்தே கடை. ஈப்போவின் புந்தோங்கில் தமிழர்கள் இதையே தொழிலாகச் செய்யும் ஒரு குடியிருப்பு அந்தப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கோயிலில் ஒன்றாக நிற்காதவர்கள், பள்ளியில் ஒன்றாகப் படிக்காதவர்கள்கூட இந்தச் சாலையில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

நான் வாரம் தவறாமல் நிற்பது ஒரு வடைக் கடையில். உளுந்து வடை, மசால் வடை, அப்புறம் மேலே ஒரு முழு இறாலை அழுத்திப் பொரித்த இறால் வடை. அக்கா மாவைத் தட்டி, இறாலின் வால் வெளியே தெரியும்படி வைத்துத்தான் எண்ணெயில் விடுவார். தாளில் மடித்து, மேலே இரண்டு பச்சை மிளகாய்.

"என்னக்கா, இறால் முடிஞ்சிருச்சா?"

"உனக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன் தம்பி. அஞ்சு நிமிசம் நில்லு, சூடா போட்டுத் தர்றேன்."

பத்து மணிக்கு மேல் போனால் பழக்காரர் மிச்சத்தைக் கூட்டிக் கட்டி ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து ரிங்கிட்டுக்குத் தருவார். குடைகள் ஒவ்வொன்றாக மடங்கும். விளக்குகள் ஒரு முனையிலிருந்து அணைந்துகொண்டே வரும். இரும்புக் கால்களைப் பிடுங்கி லாரியில் எறியும் சத்தம் மறுபடி கேட்கும். துணிக்காரரும் காய்கறிக்காரரும் முதலில் கிளம்பிவிடுவார்கள். வடை அக்கா மட்டும் கடைசி வரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சட்டியில் இருக்கும் எண்ணெய் ஆறாமல் வண்டியில் ஏற்ற முடியாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்களை மூடியபடி, அது ஆறும் வரை காத்திருப்பார்.